தயவா, பாக்கியா?

“கால் காசு உத்தியோகம்னாலும் கவர்மெண்ட் உத்தியோகம்” என்று நம் ஊரில் சொல்வார்கள். இதற்கு இன்னும் பழைய வடிவம் ஒன்று உண்டு: “அரைக் காசுன்னாலும் அரண்மனைச் சேவகம்.” அரண்மனை போய் கவர்மெண்ட் வந்ததும் பழமொழி சத்தமில்லாமல் தன்னைத் திருத்திக்கொண்டது. சட்டம் அவ்வளவு சீக்கிரம் திருந்தவில்லை. அரசு ஊழியரை வேலையை விட்டு அனுப்பிய பிறகு அவருக்குச் சேர வேண்டிய பணம் என்ன ஆகும் என்ற கேள்வி வரும்போதெல்லாம், கோட்டு போட்ட வழக்கறிஞர்களின் வாயிலிருந்து அந்தப் பழைய அரண்மனைதான் பேசியிருக்கிறது.

அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களின் வழக்குகளைப் பற்றி நாம் பேசும்போது, வேலை திரும்பக் கிடைத்ததா என்பதோடு நிறுத்திவிடுகிறோம். வீட்டில் அரிசி வாங்குகிறவருக்கு அது பாதிக் கதைதான். “நீக்கம் செல்லாதுன்னு ஜட்ஜ் சொல்லிட்டாரு.” சரி, காசு? இந்த இரண்டாவது கேள்விக்கு இந்தியச் சட்டம் பதில் சொல்லக் கற்றுக்கொண்ட கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அந்தக் கதை மெட்ராஸில் தொடங்குகிறது.

*

1937ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்புகளில் அடுத்தடுத்து இரண்டு வழக்குகள் இருக்கின்றன. இரண்டும் மெட்ராஸ் மாகாணத்திலிருந்து கப்பலேறி, லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனவை. ஒருவர் ரங்காச்சாரி, போலீஸ் சப் இன்ஸ்பெக்டர். இன்னொருவர் வெங்கட ராவ். மெட்ராஸ் அரசு அச்சகத்தில் ‘ரீடர்’, அதாவது அச்சுப்பிழை பார்ப்பவர்.

ரங்காச்சாரி உடல்நலக் குறைவால் பணி ஓய்வு பெற்றார், பென்ஷனும் வந்துகொண்டிருந்தது. சில மாதங்கள் கழித்து அதிகாரிகள் விவகாரத்தைத் திரும்பத் தோண்டி, அவரை வேலையிலிருந்து நீக்குவதாக ஆணை போட்டார்கள். போட்டவர், அவரை நியமித்த அதிகாரியைவிடக் கீழ்நிலையில் இருந்தவர். பிரிவி கவுன்சில் இதை ஏற்கவில்லை. ஏற்கெனவே வேலையை விட்டுப் போய்விட்டவரை வேலையிலிருந்து எப்படி நீக்குவீர்கள்? அந்த ஆணை வெற்றுக் காகிதம் என்றது. நியமித்தவருக்குக் கீழே இருப்பவர் நீக்க முடியாது என்பது 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

வெங்கட ராவின் வாதம் வேறு. நீக்குவதற்கு முன் முறையான விசாரணை நடத்த வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன, அப்படி விசாரணை நடத்தாமல் என்னை டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள் என்றார். நியாயமான வாதம்தான். ஆனால் அந்தப் பாதுகாப்பு சட்டத்தின் உடம்பில் இல்லை, சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளில் இருந்தது. பிரிவி கவுன்சில் சொன்னதன் சாரம் இது: விதிகள் ஏராளம், நுணுக்கமானவை, அடிக்கடி மாறுபவை. ஒவ்வொன்றையும் நீதிமன்றம் காவல் காக்க முடியாது. குறையிருந்தால் மேலதிகாரியிடம் முறையிடுங்கள். அரசு ஊழியர் மன்னரின் விருப்பம் உள்ளவரை வேலையில் இருப்பவர்.

மென்பொருள் எழுதுகிறவனுக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடும். ரங்காச்சாரியின் பாதுகாப்பு நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டது. வெங்கட ராவின் பாதுகாப்பு ஒரு கான்ஃபிக் கோப்பில் இருந்தது. அதை யாரும் படிக்காமல் விட்டாலும் நிரல் ஓடும். அடுத்தவர் பிழையைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர், தன் மேல் போடப்பட்ட ஆணையில் இருந்த பிழையைச் சரியாகக் காட்டினார். காட்டியும் ஒன்றும் நடக்கவில்லை.

*

அடுத்த வழக்கின் நாயகர் சாதாரண ஆளில்லை. ஐ.எம்.லால், ஐ.சி.எஸ். அதிகாரி, பஞ்சாப். 1940இல் டிஸ்மிஸ் செய்யப்பட்டார். இதற்குள் 1935ஆம் ஆண்டின் சட்டம் வந்து, விளக்கம் சொல்ல நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்பதைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. வெங்கட ராவிடம் இல்லாத ஆயுதம் லாலிடம் இருந்தது. 1948இல் பிரிவி கவுன்சில் அவர் நீக்கம் செல்லாது என்றது.

சரி, காசு?

கிடையாது. நீக்கம் செல்லாது, அவர் தொடர்ந்து பணியில் இருந்ததாகவே கருத வேண்டும். ஆனால் அந்தக் காலத்துச் சம்பளப் பாக்கியைக் கேட்டு வழக்குப் போட முடியாது. இதற்கு அவர்கள் துணைக்கு அழைத்தது ஸ்காட்லாந்தில் 1926இல் வந்த ஒரு தீர்ப்பை. அரசு ஊழியரின் சம்பளம் மன்னர் மனமுவந்து தருவது, ஒப்பந்தப்படி வர வேண்டிய கடன் இல்லை என்பது அதன் சாரம். மரியாதை திரும்ப வந்தது, மாதச் சம்பளம் வரவில்லை. ஐ.சி.எஸ். அதிகாரிக்கே இதுதான் கதி என்றால் அச்சகத்து ரீடரைப் பற்றி என்ன சொல்ல?

இந்த முடிச்சை அவிழ்த்தது பீகாரைச் சேர்ந்த ஒரு சப் இன்ஸ்பெக்டரின் வழக்கு. பெயர் அப்துல் மஜீத். அவரையும் 1940இல்தான் நீக்கினார்கள். இங்கேயும் நீக்கியவர் நியமித்தவருக்குக் கீழே இருந்த அதிகாரி. வழக்கு சுதந்திரத்தைத் தாண்டி, அரசியலமைப்பைத் தாண்டி, 1954இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நீக்கம் தவறு என்பதில் பெரிய சண்டை இல்லை. லால் தீர்ப்பைக் காட்டி, சம்பளப் பாக்கி கேட்க இவருக்கு உரிமை இல்லை என்று அரசு நின்றது.

தலைமை நீதிபதி மெஹர் சந்த் மகாஜன் இதற்குச் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் பெரிய தத்துவம் எதையும் எடுக்கவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவை எடுத்தார். அரசு ஊழியர் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காவிட்டால், கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போய் அவர் சம்பளத்தில் ஒரு பகுதியை ஜப்தி செய்யலாம் என்கிறது அந்தப் பிரிவு. சம்பளம் மன்னரின் தயவு என்றால் கடன்காரர் அதை எப்படி ஜப்தி செய்ய முடியும்? கடன்காரர் கேட்டு வாங்கக்கூடிய பணத்தை, உழைத்தவர் கேட்கக் கூடாதா? இங்கிலாந்தின் அந்தப் பழைய கோட்பாடு இந்தியச் சட்டத்தில் எப்போதோ செத்துவிட்டது என்று காட்ட, வட்டிக்கடைக்காரர்கள் தினமும் பயன்படுத்திவந்த ஒரு பிரிவு போதுமாக இருந்தது. மஜீத் ஜெயித்தார். சம்பளப் பாக்கி கடன்தான் என்று ஆனது.

*

சம்பளம் என்பது செய்த வேலைக்கு. பென்ஷன்? பணிக்கொடை?

இந்த இரண்டு சொற்களையும் தமிழில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓய்வூதியம், பணிக்கொடை. ஒன்றில் ஊதியம் இருக்கிறது, இன்னொன்றில் கொடை இருக்கிறது. ஓய்வு பெறும் நாளில் ஒரே கோப்பில் சேர்ந்து வருகிற இரண்டு தொகைகளில் ஒன்றைக் கூலி என்றும் மற்றொன்றைத் தானம் என்றும் நம் அலுவலகத் தமிழ் அழைக்கிறது. நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி நம் சொல்லாக்கத்திலேயே தீராமல் கிடக்கிறது.

இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு இழுத்துவந்தவர் தேவகிநந்தன் பிரசாத். மறுபடியும் பீகார். கல்வித் துறை அதிகாரி. துறையோடு நீண்ட நாள் தகராறு. 1966 ஆகஸ்ட் 5 அன்று அவருக்கு ஓர் ஆணை வந்தது. ஐந்தாண்டுகளுக்கு மேல் பணிக்கு வராததால் நீங்கள் அரசுப் பணியில் இல்லாமல் போய்விட்டீர்கள் என்றது அது. ‘நீக்குகிறோம்’ என்றுகூடச் சொல்லவில்லை. தானாகவே இல்லாமல் போய்விட்டாராம். விசாரணை இல்லை, விளக்கம் கேட்கவில்லை. பென்ஷன் கேட்டார். 1968 ஜூன் 12 அன்று பதில் வந்தது: பென்ஷனும் பணிக்கொடையும் தர இயலாது.

அவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அடிப்படை உரிமை பறிக்கப்பட்டால்தான் அப்படி நேராகப் போக முடியும். அதனால் வழக்கின் மையக் கேள்வியே பென்ஷன் சொத்தா இல்லையா என்பதாகிவிட்டது. சொத்து என்றால் வழக்கு நிற்கும், தயவு என்றால் வாசலிலேயே விழும்.

பீகார் அரசின் வாதத்தை இன்றும் ஏதாவது ஓர் அலுவலக ஜன்னலில் நீங்கள் கேட்கலாம். பென்ஷன் என்பது அதிகாரி ஆணை போட்டால் வருவது. ஆணை போடவில்லை, ஆகவே உரிமை இல்லை. கூடவே 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டத்தையும் நீட்டினார்கள். பென்ஷன் தொடர்பான வழக்குகளை உரிமையியல் நீதிமன்றம் எடுக்கக் கூடாது என்று சொல்லும் விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டம் அது.

1971 மே 4 அன்று தீர்ப்பு வந்தது. பென்ஷன் உரிமை விதிகளிலிருந்து பிறக்கிறது, அதிகாரியின் பேனாவிலிருந்து இல்லை என்றது அமர்வு. எத்தனை வருடம் வேலை பார்த்தார், எவ்வளவு தொகை என்று கணக்குப் போட ஆணை தேவைப்படலாம். கணக்குப் போடுவது வேறு, கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது வேறு. பென்ஷன் சொத்து. 1871ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையியல் வழக்குக்கு வேண்டுமானால் குறுக்கே நிற்கட்டும், ரிட் மனுவுக்கு முன்னால் நிற்க முடியாது. விளக்கம் கேட்காமல் போட்ட 1966 ஆணையும் செல்லாது.

இதே பாதையில்தான் 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கின் புகழ்பெற்ற தீர்ப்பு வந்தது. அந்தத் தேதியை ஓய்வூதியர் சங்கங்கள் இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகின்றன. ஆனால் தேவகிநந்தன் பிரசாத்துக்கு அது கொண்டாட்ட நாளாக இருந்திருக்க வாய்ப்பில்லை. ஏனென்றால் 1971இல் நாட்டுக்கே உரிமை வாங்கிக் கொடுத்த அந்த மனிதர், தன் பென்ஷனை ஒழுங்காக வாங்க 1983இல் மறுபடியும் உச்ச நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருடம். இம்முறை நீதிமன்றத்துக்குக் கோபம் வந்தது. வேண்டுமென்றே அலைக்கழித்ததற்காக அரசு அவருக்கு 25,000 ரூபாய் செலவுத்தொகை தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

சட்டம் படிக்கும் பிள்ளைகள் 1971 தீர்ப்பை மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு 1983தான் முக்கியமான தீர்ப்பாகப் படுகிறது. முதலாவது உரிமை என்ன என்று சொல்கிறது. உரிமை கையில் வந்த பிறகும் ஒருவருக்கு என்ன நடக்க முடியும் என்று இரண்டாவதில்தான் தெரிகிறது.

*

இடையில் இன்னொரு விஷயம் நடந்துவிட்டது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பென்ஷன் சொத்து, சொத்து அடிப்படை உரிமை என்று 1971இல் கட்டிய வீட்டின் அஸ்திவாரத்தை உருவிவிட்டார்கள். வீடு நிற்குமா?

நின்றது. 2013இல் ஜார்க்கண்டிலிருந்து வந்த வழக்கு அதைக் காட்டியது. கால்நடைத் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர் மேல் முறைகேட்டு வழக்குகள் நிலுவையில் இருந்தன. அதைக் காரணம் காட்டி அரசு அவருடைய பென்ஷனில் 10 சதவீதத்தையும், விடுப்புக்கு ஈடான பணத்தையும் நிறுத்திவைத்தது. அப்படி நிறுத்த விதியில் இடமில்லை, வெறும் நிர்வாகச் சுற்றறிக்கைதான் இருந்தது. உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. அடிப்படை உரிமை இல்லாவிட்டாலும், சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 300ஏ பிரிவு சொல்கிறது. சுற்றறிக்கை சட்டமாகாது என்றது. மெட்ராஸ் அச்சகத்து வெங்கட ராவின் தோல்விக்குப் பதில் சொல்ல 76 வருடம் ஆகியிருக்கிறது என்று தோன்றியது. அன்று விதியே சட்டமில்லை என்றார்கள். இப்போது விதியில் இல்லாததைச் செய்ய அரசுக்கு அதிகாரமில்லை.

ஆனால் இந்த வெற்றிகளெல்லாம் நீக்கம் தவறாக இருந்தவர்களுக்கும், நீக்கப்படாமல் ஓய்வு பெற்றவர்களுக்கும்தான். உண்மையிலேயே தப்புச் செய்து, முறையாக விசாரிக்கப்பட்டு, முறையாக நீக்கப்பட்டவர் என்ன ஆவார்? மத்திய அரசின் ஓய்வூதிய விதிகள்படி டிஸ்மிஸ் ஆனவரின் கடந்தகாலப் பணி முழுவதும் பறிபோகும். முப்பது வருடம் பார்த்த வேலை, பென்ஷன் கணக்கில் பூஜ்யம். அவர் போட்ட வருங்கால வைப்பு நிதி அவருடைய காசு, அது வரும். பென்ஷனும் பணிக்கொடையும் வராது. தப்பு அவருடையது. ஆனால் அந்தப் பென்ஷனை நம்பியிருந்த மனைவி எந்த விசாரணையில் குற்றவாளி ஆனார்?

விதி எழுதியவர்களுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். நீக்கும் அதிகாரம் உள்ளவரே, தகுதியான நேர்வுகளில், கிடைத்திருக்கக்கூடிய பென்ஷனில் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமல் கருணை அடிப்படையில் தரலாம் என்று இன்னொரு விதியை வைத்தார்கள். சொல்லைக் கவனியுங்கள்: கருணை. தயவு கொல்லைப்புற வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது. தப்புச் செய்தவருக்கு எதற்குக் கருணை என்று அதிகாரிகள் மறுக்க, 2014இல் உச்ச நீதிமன்றம் ஒரு எளிய தர்க்கத்தை நினைவூட்டியது. தப்புச் செய்து நீக்கப்பட்டவருக்காகத்தான் இந்த விதியே இருக்கிறது. தப்பு என்ற ஒரே காரணத்துக்காக மறுத்தால் விதியை யாருக்காக எழுதினீர்கள்?

*

நம் ஊரில் இந்தக் கேள்வி ஒரே நாளில் ஏறக்குறைய 2 லட்சம் வீடுகளுக்குள் நுழைந்தது. 2003 ஜூலை. ஓய்வுகாலப் பலன்கள் உள்ளிட்ட சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றும் ஆகியிருந்தது. ‘எஸ்மா’, ‘டெஸ்மா’ என்ற சொற்கள் டீக்கடைத் தமிழுக்குள் வந்தது அப்போதுதான். அரசு ஓர் அவசரச் சட்டத்தைப் போட்டு, வேலைநிறுத்தம் செய்தவர்களை மொத்தமாக டிஸ்மிஸ் செய்தது. தனித்தனி விசாரணை எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ இல்லை என்ற வரிக்காகத்தான் அந்தத் தீர்ப்பை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் வேறு ஒன்றைக் கவனிக்கிறேன். பெரும்பாலானோர் வேலைக்குத் திரும்பியது எப்படி? நீக்கம் செல்லாது என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை. நிபந்தனையற்ற மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதித் தந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம் என்று அரசு ஒப்புக்கொண்டது. நீதிமன்றம் அதைப் பதிவுசெய்துகொண்டது. கைதானவர்கள், வழக்குப் பதியப்பட்டவர்கள் என்று 6,000க்கும் மேற்பட்டோர் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் கதையை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதிகள் வந்தார்கள். 1954, 1971, 1982 எல்லாம் புத்தகத்தில் பத்திரமாக இருந்தன. 2003இல் லட்சக்கணக்கானோருக்கு வேலை திரும்பியது உரிமையால் இல்லை, மன்னிப்புக் கடிதத்தால்.

*

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது, தொழில் பழக்கம், ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து இரண்டு பத்திகள் போட்டேன். முதல் பத்தியில் ஆணை வந்த வருடம், இரண்டாவதில் கடைசித் தீர்ப்பு வந்த வருடம். லால்: 1940, 1948. மஜீத்: 1940, 1954. தேவகிநந்தன் பிரசாத்: 1966, 1983. மூன்றாவது பத்தியில் கழித்தல் குறி போட்டால் 8, 14, 17. உரிமை கூடக்கூட வருடமும் கூடிக்கொண்டே போகிறது. மூன்றே வழக்குகளை வைத்து எந்தப் புள்ளியியலும் பேசக் கூடாது, பேசவில்லை. ஆனால் அந்த மூன்றாவது பத்தி கண்ணை விட்டுப் போக மறுக்கிறது.

எங்கள் துறையில் ஆளை அனுப்பும்போது ‘ஃபுல் அண்ட் ஃபைனல்’ என்பார்கள். மின்னஞ்சல் வரும், மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கணக்கு முடியும். அதில் கருணை கிடையாது; கணக்கு தப்பாக இருந்தால் சண்டை போடலாம். அரசு வேலையில் அந்த ‘ஃபைனல்’ என்ற சொல்தான் எளிதில் வருவதில்லை. கேரளத்தைச் சேர்ந்த ஓர் அரசு ஊழியரின் வழக்கு இருக்கிறது. அவர் டிஸ்மிஸ் ஆகவில்லை, 1973இல் ஒழுங்காக ஓய்வு பெற்றார். கருவூலத்திலிருந்து வர வேண்டிய கடைசிச் சம்பளச் சான்றிதழ் வரவில்லை. அந்த ஒரு தாளுக்காக இரண்டு வருடத்துக்கு மேல் பணம் நின்றது. வட்டி கேட்டு உச்ச நீதிமன்றம் வரை அவர் இழுக்கப்பட்டார். ஓய்வு பெற்று இரண்டு மாதத்துக்கு மேல் தாமதித்தால் அரசு வட்டி தர வேண்டும் என்று 1980களின் நடுவில் நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான்.

அந்தத் தீர்ப்பை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. மன்னரின் விருப்பம் சட்டப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கமாகத் தோற்றுவந்திருக்கிறது. சம்பளப் பாக்கியில் தோற்றது, பென்ஷனில் தோற்றது, சுற்றறிக்கையில் தோற்றது. அது இன்று ஒளிந்துகொள்ள மிச்சமிருக்கும் இடம் தாமதம் மட்டும்தான். கோப்பு ‘மேல போயிருக்கு’ என்று சொல்ல யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. மறுத்து ஆணை போட்டால் அதை எதிர்த்து வழக்குப் போடலாம். ஆணையே போடாமல் மேசையில் வைத்திருந்தால் எதை எதிர்ப்பது? தயவுக்கும் பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தை ஊரில் கைமாற்றுக் கொடுத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: தயவுக்குக் கெடு கிடையாது, பாக்கிக்கு உண்டு. கெடு தாண்டினால் வட்டி உண்டு.

அப்துல் மஜீத் வழக்கில் சம்பளம் கடன்தான் என்று நிரூபிக்க நீதிபதி கடன்காரர்களைத்தான் சாட்சிக்கு அழைத்தார். அந்த வாதத்தை இன்னும் ஒரு படி நகர்த்த வேண்டியிருக்கிறது. கடன்காரருக்கு வட்டி கேட்க வழக்குப் போட வேண்டியதில்லை. தேதி தாண்டினால் வட்டி தானாக ஓடத் தொடங்கும். அரசு தன் ஊழியருக்கு வைத்திருக்கும் பாக்கியிலும் வட்டி அப்படித் தானாக ஓடும் நாளில்தான் 1971ஆம் ஆண்டின் தீர்ப்பு முழுதாக அமலுக்கு வந்தது என்று சொல்ல முடியும். அதுவரை நம் ஓய்வூதியத்திலும் கொஞ்சம் கொடை கலந்தே இருக்கும்.